சராசரியும் சம்பந்தமும்

என் வாயால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. அதனால் ஊரப்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம இரு. திறந்தா பஜ்ஜி சாப்பிட மட்டும் திற."

மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் மட்டும் செம்பாக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. ஜெபம் முடிந்து எல்லாரும் கண்ணைத் திறந்தபோது, டிவியில் சத்தமில்லாமல் யாரோ சதம் அடித்திருந்தார். அதை அணைக்க மறந்தது அப்பா. அந்தப் பழியை நான் ஏற்க முடியாது.

உப்பு கூடிப்போன பஜ்ஜியில் மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் இரண்டாவதை எடுத்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று. இவ்வளவு சுலபமாகவா என்று என்மேலேயே கோபம் வந்தது.

அவருடைய அப்பா டிவியைப் பார்த்து, "இவங்கள்லாம் என்ன சார் பேட்ஸ்மேன்? எங்க காலத்து ஆளோட சராசரியைப் பாருங்க. யாராவது கிட்ட நிக்க முடியுமா?" என்றார். அப்பா தலையாட்டினார். பெண்ணைப் பெற்றவர் அன்று எதற்கும் தலையாட்டுவார்.

நான் தாம்பரத்தில் கணக்கு டீச்சர். எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?

"அங்கிள், உங்க ஆளு எத்தனை தடவை நாட் அவுட்னு பாத்தீங்களா? மொத்த ரன்னை அவுட் ஆன தடவையாலதான் வகுக்கறாங்க. நாட் அவுட் ஜாஸ்தியானா சராசரியும் ஏறும்."

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்தது. அம்மா வேண்டுமென்றேதான் போட்டிருப்பாள்.

"ஹெல்மெட் இல்லாம ஆடினவரும்மா அவரு!"

"ஹெல்மெட்டுக்கு ரன் கிடையாதே அங்கிள்."

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டார். மூன்றாவதும் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டாவது பஜ்ஜியை நினைத்ததும் அழுகை முட்டியது.

அப்பா வேறு வழி தெரியாமல், தனியாகப் பேசட்டும் என்று எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்.

"எனக்குக் கிரிக்கெட்டே பிடிக்காதுங்க" என்றார் மாப்பிள்ளை. "அம்மா போனதுலேர்ந்து டெய்லி சாப்பிடும்போது அப்பா இதைத்தான் பேசுவாரு. நான் உம் கொட்டுவேன். அவரை எதிர்த்து ஒருத்தர் பேசி இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"கோபமா இருக்காரா?"

"தெரியலைங்க. இப்படி அவரை நான் பாத்ததே இல்ல."

போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மா அன்று என்னோடு பேசவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. பேசிய அப்பா முகம் வெளிறிப்போய், "உன்னைத்தான் கேக்கறாரு" என்று நீட்டினார்.

"ஏம்மா, வெளிநாட்டுல ஆடினதை மட்டும் தனியா எடுத்துப் பாத்தேன். அதுலயும் எங்க ஆளுதான் மேல. என்ன சொல்ற?"

"எந்தெந்த நாடுன்னு பிரிச்சீங்களா அங்கிள்?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"பிரிக்கல. ஞாயித்துக்கிழமை பிரிச்சு எடுத்துனு வரேன். அம்மாவைப் பஜ்ஜில உப்பு மட்டும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு."

போனை வைத்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி சொன்னாரு?"

"பஜ்ஜில உப்பைக் கொறைக்கணுமாம்."

 அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடலை மாவு இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.