மொட்டை மரத்துக்குத் தண்ணீர்

வைகாசி பிறந்தால் என் ஆலமரத்துக்கு மொட்டை அடிப்பேன். மொட்டை என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். ஒவ்வொரு வருடமும் நான் கத்தரிக்கோலோடு வாசலில் உட்காரும்போது, கரும்புக் கொல்லைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திக் கேட்பார்.

"இன்னாடி, இந்த வருசமும் வேண்டுதலா? திருப்பதிக்கா, மயிலத்துக்கா?"

நான் தலை நிமிர மாட்டேன். பன்னிரண்டு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை.

ஆல இலை உள்ளங்கை அகலம் இருக்கும். தட்டில் வைத்து முழங்கை உயரத்துக்கே வளர்க்கிற போன்சாய் மரத்தில் அந்த இலை தொங்கினால், சின்னப் பிள்ளை அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். அதனால் நல்ல வெயிலில், மரம் தெம்பாக இருக்கும்போது, காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் வெட்டிவிட வேண்டும். பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுக்கும். மூன்று வாரத்தில் காம்பு காய்ந்து உதிரும், அந்த இடத்திலேயே புது இலை சின்னதாக வரும். இதையே மார்கழிப் பனியில் செய்தால் மரம் முறைத்துக்கொண்டு நிற்கும், துளிர்க்காது. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்காமல் தட்டை ஒரு பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. இலை இல்லாத மரம் தண்ணீர் குடிக்காது. மேல்மண் காய்ந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு அரைச் சொம்பு ஊற்றினால் போதும். நான்கு கன்றுகளைச் சாகடித்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஐந்தாவது கன்று எங்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில் முளைத்தது. சுவர் பிளந்துவிடும் என்று அவர் கடப்பாரையோடு வந்தார். நான் முந்திக்கொண்டு ஸ்பூனால் காரையைச் சுரண்டி, வேர் அறுந்துபோகாமல் எடுத்து வந்தேன். அன்றிலிருந்து அவருக்கு அது நொண்டி மரம். "மரம்னா நெழலு தரணும். இது இன்னாத்துக்கு ஆவும், எறும்பு ஒதுங்கவா?" என்று வருகிற உறவுக்காரர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் என் காபியைக் குடித்துக்கொண்டே சிரிப்பார்கள்.

எனக்கு வலித்தது. அந்த மரத்தில் இரண்டு விழுதுகள் இறங்கின. அவை காற்றில் காய்ந்துவிடாமல் இருக்க, ஜூஸ் கடை ஸ்ட்ராவை மாட்டி, உள்ளே ஈரப்பாசி வைத்து, எட்டு மாதம் பிள்ளைத்தாச்சியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்து மண்ணைத் தொட வைத்தேன். தொட்ட அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டில் அவர்தான் இருந்தார். சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை அவராக அதன் முன்னால் நின்று, நல்லா இருக்குதே என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைக் கேட்டு வாங்க மனம் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நெல், கரும்பு, மாடு, பெண்ணுக்கு மாப்பிள்ளை என்று எல்லாவற்றிலும் அவர் சொன்னதுதான் நடந்தது. எங்கள் ஊர் குருவிநத்தத்தில், எங்கள் வீட்டு எல்லைக்குள் அவருக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்தது அந்த மரம் ஒன்றுதான். அதை யாரோடும் பங்கு போட எனக்கு விருப்பமில்லை.

போன வருடம் வைகாசியில், மொட்டை அடித்த மறுநாளே ஓசூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவளுக்கு இரண்டாவது பிரசவம். நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. மரத்தை வேப்பமர நிழலில் வைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம், தொட்டுப் பார்த்து அரைச் சொம்பு ஊற்றச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அங்கேயேதான் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன்.

ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார். குழந்தையை விசாரித்தார், மகளை விசாரித்தார். போனை வைக்கும் முன் கேட்டார்.

"அந்த மரம் மொட்டையாவே நிக்குதேடி. எல எப்ப வரும்?"

பன்னிரண்டு வருடத்தில் அவர் அதைப் பற்றிக் கிண்டல் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது புரிந்தது. புரியாமல் பேசினேன் என்றால் பொய். இத்தனை நாள் சிரித்ததற்கு இப்போது காத்திருக்கட்டும் என்று தோன்றியது.

"உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை? போய்க் கரும்பப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அரைச் சொம்பு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

இருபத்தைந்து நாள் கழித்துத் திரும்பினேன். பாகூரில் பஸ் இறங்கியபோது அவரே வண்டியோடு வந்து நின்றார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், அது அவர் வழக்கமில்லை. வாசலில் இறங்கியதும் பையைக்கூட உள்ளே வைக்க விடாமல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"அந்த அக்காவ வரவேணாம்னுட்டேன். நானே ஊத்தறேன், காலையில ஒருவாட்டி, சாயந்திரம் ஒருவாட்டி. மொத ரெண்டு நாளு எல்லாம் அடியில ஓட்ட வழியா ஓடிப் போச்சு. நல்லா அடச்சுட்டேன். இப்ப ஒரு சொட்டு வீணாவல."

தட்டில் நடவு வயல் போலத் தண்ணீர் நின்றது. அழுகிய வாடை வந்தது. நகத்தால் பட்டையைக் கீறினேன். பச்சை இல்லை, உள்ளே பழுப்பு. கொஞ்சம் கீழே கீறினேன், விழுதில் கீறினேன். எல்லா இடத்திலும் பழுப்பு.

"மொட்டையா நின்னுச்சா, பாக்கக் கஷ்டமா இருந்துச்சு" என்றார்.

"செத்துப் போச்சு. நீங்கதான் கொன்னீங்க" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பன்னிரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள், நொண்டி மரத்திலிருந்து எறும்பு வரை ஒன்று விடாமல் எடுத்துப் போட்டேன். நான் மூச்சு வாங்கியபோது அவர், "கேட்டேனே, போன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைப் பிடிக்கப் போனார்.

மறுநாள் தட்டைக் கவிழ்த்தேன். அடியில் மூன்று ஓட்டைகள். வரப்பில் நண்டு வளை அடைப்பது போல, வயல் களிமண்ணில் வைக்கோலைப் பிசைந்து அடைத்திருந்தார். நண்டு வளைக்குக் காலால் ஒரு மிதி, அவ்வளவுதான் அவர் வேலை. இதில் மூன்றையும் ஓரம் தேய்த்து வழவழப்பாக்கி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தியிருந்தார். விரல் ரேகை காய்ந்து அப்படியே இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுத்தேன்.

அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. என் மேல்தான் என்றும் முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. மரம் அடுப்புக்குக்கூட ஆகவில்லை, புகைந்தது.

அதே தட்டில் இப்போது இன்னொரு ஆலங்கன்று வைத்திருக்கிறேன். இந்த வைகாசியில் முதல் தடவையாக இலை வெட்டினேன். அவர் வண்டியில் போனார், நிறுத்தவில்லை. திருப்பதியா மயிலமா என்று கேட்கவில்லை. நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டு, அரைச் சொம்பு போதும் என்று சொல்லியிருக்கலாம். வண்டி தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிச்ச இலையை வெட்டினேன்.