வழியில் கிடந்த சக்கரம்

தொண்ணூறுகளில் நாங்கள் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தோம். தொழிற்பேட்டையில் வேலை பார்த்த என் கணவர் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். எந்த ரிப்பேர் என்றாலும் வாசலில் வைத்துத் தானே பார்த்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைச் சரிபார்த்தார். அப்படியே சைலன்சரையும் கம்பியால் கட்டிவிடலாம் என்று காருக்கடியில் படுத்தார். முந்தின நாள் மழையில் மண் ஊறியிருந்ததை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

அப்போது தண்ணீர்க் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டு கன்னியம்மா அக்கா, "இன்னாம்மா, சக்கரத்த நட்டநடு வழில போட்டுகினு கீறீங்க? மன்சங்க நடக்க வாணாமா?" என்று சத்தம் போட்டார். நான் அவசரமாக அந்தச் சக்கரத்தைக் காருக்கடியில் தள்ளிவிட்டேன்.

அக்கா தன் வீட்டுக்குள் நுழைவதற்குள் ஜாக்கி மண்ணில் சரிந்து, கார் தடாலென்று இறங்கியது. என் அலறலைக் கேட்டு அவர் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அய்யோ நைனா, உசுரோட கீறியா?"

"இருக்கேங்க்கா" என்று அடியிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. கார் அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. சிராய்ப்புகளோடு அவர் ஊர்ந்து வெளியே வந்ததும், அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நா இன்னாம்மா செஞ்சேன், திட்டத்தான செஞ்சேன்?" என்று அவரும் அழுதார்.

அந்தத் திட்டுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். இப்போதெல்லாம் கெட்டித் தரையில், மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகுதான் வேலை. கழற்றிய சக்கரம் முதலில் காருக்கடியில் போகும். பிறகுதான் அவர் போவார்.