நோக்கிண்டிருந்தவர்

திரைப்பட விழாவுக்குப் போகலாம் என்று அடம்பிடித்தது நான்தான். என் கணவருக்குத் தலையும் வாலும் புரியாத படங்கள் ஆகாது. அன்று மாட்டியது அப்படிப்பட்ட படம்தான். ஏதோ ஒரு ராணுவ ஆட்சி. அரசாங்கத்துக்கு எதிரி என்று ஒருத்தியைச் சந்தேகப்பட்டு, அவளுடைய டெலிபோனை ஒட்டுக்கேட்க ஒருவனை வைக்கிறார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கு அவள்மேல் பைத்தியம் பிடித்துவிடுகிறது. அவள் வீட்டு மாடிப்படியில் கடல் ஏறி வருகிறது. குளியலறையில் போலீஸ்காரர்கள் மீன் பொரிக்கிறார்கள். கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பூச்சுற்றிய ஒரு டெலிபோன்!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவே இல்லை.

வீடு திரும்ப கரமனை பஸ்ஸுக்கு நிற்கும்போது சீண்டினேன். "அந்த ஆள் உங்களை மாதிரியேன்னா இருந்தான்! நீங்களும் இப்படித்தானே என் பின்னாலயே சுத்தினேள்?"

எங்கள் கல்யாணக் கதை சொந்தக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடம். இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். நான் ஏறும் பஸ்ஸில் ஏறுவார், வலியசாலைக் கோயிலில் நான் பிரதட்சிணம் வந்தால் தூணோரம் நிற்பார். ஒருநாள் வழிமறித்து, "கொஞ்ச நாளா உன்னை நோக்கிண்டிருக்கேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் கிறங்கித்தான் இவருக்குக் கழுத்தை நீட்டினேன்.

"அது முதல்ல பிரேமம் இல்லை" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "எங்க யூனியன்ல உன்மேல சம்சயம். எதிர் யூனியனுக்கு நீ விஷயம் சொல்றேன்னு. 'அவளெ ஒந்நு நோக்கணம்'னு செக்ரட்டரி சொன்னார். நோக்கினேன்."

மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு நோட்டம் விடுவது என்றும் அர்த்தம் உண்டு. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்த எனக்கு அது தெரியாதா? அன்றைக்கு மட்டும், ஆசையாகப் பார்ப்பது என்று தமிழாகக் கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

"அப்பறம் எப்போ நிறுத்தினேள்?"

அவர் முகம் மலர்ந்தது. தப்பித்தோம் என்று நினைத்திருப்பார், பாவம்.

"எங்க நிறுத்தினேன்? இப்பவும் நோக்கிண்டுதானே இருக்கேன்!"

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் இந்தத் தடவை அது மலையாளமாகக் கேட்டது.

பஸ்ஸில் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் அந்தக் காலம் போலவே பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதெல்லாம் இறங்குவதற்குள் ஒருதரமாவது திரும்பிப் பார்த்துவிடுவேன். அன்று கரமனை வரை என் கழுத்து திரும்பவில்லை.