வெள்ளை வேட்டி இறங்காது

நிற்பது நிற்கவே பார்க்கும். ஓடுவது ஓடவே பார்க்கும். கனம் கூடக் கூட இரண்டு பிடிவாதமும் கூடும். இதற்கு நிலைமம் என்று பெயர். இருபது வருடம் வகுப்பில் இதைச் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். சொல்லும்போதெல்லாம் மாமாவின் முகம் வந்து நிற்கும்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருடம். கறம்பக்குடியில் எனக்குப் புதிதாக வாத்தியார் வேலை. ஆத்தா புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்றைக்குத் தாண்டாது என்று ஆள் வந்து சொன்னதும் நானும், ஆத்தாவின் தம்பியான மாமாவும் காலை பஸ்ஸைப் பிடித்தோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடுப்புக்கரியை எரித்து ஓட்டிய பஸ் அது. பாதி வழியில் ஒரு பொட்டலில் நின்றுவிட்டது.

அப்படி நின்றால் இறங்கித் தள்ள வேண்டும். ஆனால் வெள்ளை வேட்டி கட்டி முன்சீட்டில் வரும் பெரிய மனிதர்கள் இறங்க மாட்டார்கள்; வெள்ளை வேட்டி இறங்காது, அதுதான் வழக்கம். மாமாவும் வெள்ளை வேட்டியோடு முன்சீட்டில் இருந்தார்.

"எல்லாரும் எறங்குங்க. கனம் கொறஞ்சாத்தான் அசையும்" என்றேன்.

"பாடத்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக்க மாப்ளே. இப்பத் தள்ளு" என்றார் மாமா. முன்சீட்டே சிரித்தது.

அவர்கள் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்க, ஐந்து பேர் முட்டினோம். தோள் தோல் உரிந்த பிறகு ஒரு சாண் நகர்ந்தது. பிறகு உருண்டது, எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது. பக்கத்தில் தள்ளிய நால்வரும் ஓடித் தொற்றிக்கொண்டார்கள். பின்னால் நின்று தள்ளிய நான் குப்புற விழுந்தேன்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

மாமா தலையை நீட்டினார். "நிறுத்துனா மறுபடி கெளம்பாதாம் மாப்ளே! நீ பின்னாடி வா!"

அவர் சொன்னது சரிதான். அத்தனை கனம் ஒருமுறை வேகம் எடுத்தால் அதன் உந்தத்தை இழக்க எந்த டிரைவர் துணிவான்? ஆனால் அந்தக் கனத்தில் பாதி அவர்கள்தானே. அவர்கள் இறங்கியிருந்தால் பத்துத் தடவை நிறுத்தி, பத்துத் தடவையும் தள்ளிக் கிளப்பியிருக்கலாம். அந்த மனிதரை நான் மன்னிக்கவே இல்லை.

நடந்தும் மாட்டுவண்டியில் தொற்றியும் நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மாமா துண்டை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். ஆத்தா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"'அவன் எங்கடா'ன்னு கேட்டுச்சு. 'பஸ்ஸத் தள்ளுறப்ப விட்டுப் போச்சு, பின்னாடி வாரான்'னேன்."

"அப்புறம்?"

"'நீ எறங்கித் தள்ளலயாடா'ன்னு கேட்டுச்சு மாப்ளே. அதுக்கப்புறம் பேசல."