முத்தம் இருக்கட்டும், தண்ணி வந்துச்சா?

இன்று திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற பஸ்ஸில் மகள் வாங்கி வைத்திருந்த நாவலைப் படித்துக்கொண்டு போனேன். பதினாறு வயதுக்காரர்களுக்காக எழுதியது. எனக்கு ஐம்பது. காதல் கதை என்றால் நான் வயது பார்ப்பதில்லை.

பக்கத்தில் கீழ்வேளூர்க்காரப் பெண்மணி ஒருவர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்றார்.

"என்ன கதைக்கா?"

சொன்னேன். உலகமே பாழாய்ப்போன எதிர்காலம். கொடுங்கோல் அரசு அணையைப் பூட்டி வைத்திருக்கிறது. கடைசி ஊருக்குத் தண்ணீர் போவதே இல்லை. மதகைத் திறக்க ஒரு பெண் கிளம்புகிறாள். கூடவே ஒரு பையன்.

"இதுல எதிர்காலம் எங்கக்கா இருக்கு? எங்க வயலும் கடைமடைதான். நாத்து விட்டுட்டு வாய்க்காலையே பாத்துக்கிட்டு இருக்கோம். அந்தப் பொண்ணு தொறந்துட்டாளா?"

முடிவை முன்கூட்டியே பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் கீழ்வேளூர் நெருங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

"மதகு மேல நின்னு ரெண்டு பேரும் முத்தம் குடுத்துக்கிறாங்க."

"அது இருக்கட்டும்க்கா. தண்ணி வந்துச்சா?"

தேடினேன். நிலா இருந்தது, காற்று இருந்தது, அவன் நெற்றியில் விழுந்த முடிகூட இருந்தது.

"அதைப் போடலைங்க."

"அப்பறம் என்னத்தக்கா எழுதினாங்க?" என்று சிரித்தபடி இறங்கிவிட்டார். இறங்குமுன் போன் நம்பர் கொடுத்தார், தெரிந்தால் சொல்லச் சொல்லி.

இரண்டாம் பாகம் உண்டு என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது. படித்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள். மதகு திறந்ததா என்பது மட்டும் போதும். காதலர்கள் எப்படியாவது பிழைத்துக்கொள்வார்கள்.