சாப்பாட்டு நாற்காலியின் உயரம்

“காரை இறக்கினா இடிக்கும். இடிக்கக் கூடாதுன்னா இறக்காத. இது தெரியறதுக்கு யூனிவர்சிட்டி வேணுமா?” என்றார் மாமா.

கிள்ளானில் அவருடைய ஒர்க்‌ஷாப்பில், வண்டிக்காகக் காத்திருந்த இரண்டு பேர் முன்னால்தான் இதைச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் வட்டாரத்தில் காரைத் தரையோடு தரையாக இறக்க நினைக்கும் பையன்கள் நேராக அவரிடம்தான் போவார்கள். ஸ்பிரிங்கை அறுப்பார், மாட்டுவார், டயருக்கும் அதன் மேலிருக்கும் வளைவுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பார். இரண்டு விரல் நுழைந்தால் வேலை முடிந்தது.

“நீ ஏர்கோன் இஞ்சினியர்தானேம்மா? குளிர் வருதான்னு பாரு. இது வேற உலகம்லா.”

நான் என் வண்டியின் பின்கதவைத் திறந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலியை எடுத்துக் கீழே வைத்தேன். அதன் நான்கு கால்களிலும் அம்மா கட்டைத் துண்டுகள் பொருத்தியிருந்தார். காத்திருந்தவர்களில் ஒருவர், “பாஸ், உட்கார சீட் இல்லன்னு தங்கச்சியே கொண்டு வந்திருச்சு” என்றார். மறுபடி சிரிப்பு.

அந்த நாற்காலியில் உட்காருபவர் அப்பா ஒருவர்தான். துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர், சரக்கை இறக்கும்போது தவறி விழுந்தார். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். நடக்கிறார். ஆனால் காலைத் தூக்கி உயரத்தில் வைக்க முடியாது, பள்ளமான இருக்கையில் உட்கார்ந்தால் எழவும் முடியாது. கட்டை வைத்த அந்த நாற்காலியில் மட்டும் யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுவார்.

என் வண்டி ஏழு பேர் உட்காரும் வகை. என் சொந்தச் சம்பளத்தில், என் பெயரில் வாங்கியது. உயரமானது. கடைசிப் பரிசோதனைக்கு அப்பாவை அதில் அழைத்துப் போன அன்று, அம்மா பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைக் கதவோரம் போட்டார். அவர் கால் வைத்ததும் அது நழுவியது. தம்பி அவரை அப்படியே இரண்டு கைகளிலும் அள்ளித் தூக்கி உள்ளே உட்கார வைத்தான். எதிர்வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று திரும்பி வந்த அப்பா அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவே இல்லை. தாழ்வான டாக்சி ஒன்றையும் வரவழைத்துப் பார்த்தோம். வாசலில் நின்றபடியே அதன் இருக்கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற ஆலயம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. தாத்தா ரயில் பாதையில் வேலை செய்த காலத்திலிருந்து எங்களுக்கு அதுதான். பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்று அப்பா அடிக்குரலில் பாடுவார். அந்தக் குரல் இல்லாமல் பாட்டு தரையில் நிற்காமல் மிதக்கிறது என்று குழுவை நடத்துகிறவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மூன்றாவது முறை அவர் அழைத்தபோது அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஒரே ஒரு தடவ வரேன். யாரும் என்னைத் தூக்கக் கூடாது. வழில முதுகு இடிச்சா, அதுக்கப்புறம் சர்ச்சுக்குப் போலாமான்னு யாரும் என்கிட்ட கேக்கக் கூடாது.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். எனக்குக் கிடைத்திருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நாற்காலியை முன்பக்கக் கதவோரம் நிறுத்தினேன். வண்டியின் இருக்கை நாற்காலியைவிட நான்கு விரல் உயரமாக இருந்தது. “மாமா, இந்த ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வரணும். ஸ்பிரிங்கை அறுக்கக் கூடாது” என்றேன்.

மாமா நாற்காலியைப் பார்த்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். சிரிப்பு நின்றது. ஆனால் பேச்சு மாறவில்லை. “உங்கப்பாவுக்குன்னா இன்னும் யோசிக்கணும். கீழ இறங்க இறங்க ரோட்டுல இருக்கற ஒவ்வொரு பொங்கோல் மேடும் முதுகுலதான் ஏறும்.”

அவர் சொன்னதில் பாதி சரி. வண்டி இறங்கினால் சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்கான இடம் குறைகிறது. அறுத்த ஸ்பிரிங்கோடு, குலுக்கலை அடக்கும் பழைய அப்சோர்பரையே மாட்டினால், ஒவ்வொரு வேகத்தடையிலும் அது உள்ளே முழுவதும் அமுங்கி, கடைசியில் இருக்கும் ரப்பர் முட்டில் போய் மோதும். ‘இறக்கினால் இடிக்கும்’ என்று எல்லாரும் சொல்வது அந்த மோதலைத்தான். குறைந்த இடத்துக்குள்ளேயே இடியை வாங்கிக்கொள்ளும்படி செய்த ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான குட்டையான அப்சோர்பர், அளவு குறைந்த முட்டு, பக்கவாட்டில் சதைப்பற்று குறையாத டயர் — இவை சேர்ந்தால் இடிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்கையும் அப்சோர்பரையும் ஒரே செட்டாக வரவழைத்திருந்தேன். டயரை மாற்றவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பு முடியும் ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தை வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டச் சொன்னதும் நானேதான். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மாமா ‘இஞ்சினியரம்மா’ என்று இழுத்துச் சொல்லும்போதெல்லாம், சரியாகத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. வண்டி தூக்கியில் ஏறி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. நடுவில் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. சோதனை இயந்திரம் ஒன்று நின்றுவிட்டதாம். சாலையோரம் நின்று நெடுநேரம் பேசிவிட்டுத் திரும்பியபோது எல்லாம் மாட்டி முடித்திருந்தார்கள்.

நாற்காலியை வைத்துப் பார்த்தேன். வண்டி இறங்கியிருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இருக்கை இன்னும் ஒரு விரல் மேலே நின்றது.

“புது ஸ்பிரிங் அப்படித்தான். ஓட ஓட உக்காரும்” என்றார் மாமா.

அப்பாவின் எடைக்கு ஈடாக அரிசிப் பைகளை முன்னிருக்கையில் அடுக்கினேன். பெல்ட் போடச் சொல்லி வண்டி விடாமல் கத்தியதால் அரிசிக்குப் பெல்ட்டும் போட்டேன். அப்சோர்பரின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டினேன். தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு தூரம் அதைத் தள்ளிவிடும். மாமா பின்னால் ஏறிக்கொண்டார்.

“உங்கப்பா இன்னைக்கு ரொம்ப அமைதியா வராரு” என்று அரிசியைத் தட்டிக் கொடுத்தார்.

பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருப்பவர்கள் தாங்களே சிமெண்டு குழைத்துப் போட்ட வேகத்தடை ஒன்று உண்டு. சுவர் மாதிரி நிற்கும். மெதுவாகத்தான் ஏறினேன். ‘டக்’ என்றது. அடி என் இடுப்புக்கு வந்தது. அரிசிப் பைகள் பெல்ட்டுக்குள் குதித்து, மேலே இருந்த பை சரிந்தது. அடுத்த தடையிலும் அதேதான். வெறும் தார்ச்சாலையின் ஒட்டுகள்கூடக் கையில் தெரிந்தன.

“நான் சொன்னேன்ல” என்றார் மாமா. கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“திரும்பிப் போய் பழசையே மாட்டிரலாம். நாளைக்கு உங்கப்பாட்ட ஏதாச்சும் சொல்லிக்கலாம்.”

“என்னன்னு சொல்றது மாமா? வண்டி ரிப்பேர்ன்னா?”

வீட்டில் அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, கதவில் மாட்டியிருப்பது எனக்குத் தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் குனிந்து பார்த்தேன். கேபிள் டை தண்டின் நடுவில்தான் நின்றது. முட்டுக்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. அப்படியானால் எதுவும் மோதவில்லை. மோதாமலே இடிக்கிறது. எது?

வண்டியை அலைன்மெண்ட் மேடையில் ஏற்றச் சொன்னேன். அந்த மேடையில் சக்கரங்கள் தொங்காது. வண்டி சாலையில் நிற்பது போலவே நிற்கும், அடியில் போய்ப் பார்க்கலாம். விளக்கைப் பிடித்துக்கொண்டு கீழே போனேன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் மூட்டில், இரும்பு வளையத்துக்குள் ஒரு ரப்பர் உருளை இருக்கும். அது ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. மற்ற மூட்டுகளிலும் அப்படியே.

தொழிற்சாலையில் நான் குளிரைச் சோதிப்பதில்லை. ஏர்கோனுக்குள் கம்ப்ரஸர் ஆடும். அந்த ஆட்டம் பெட்டிக்கும் சுவருக்கும் போகாமல் தடுப்பது அதன் காலடியில் இருக்கும் ரப்பர். அந்த ரப்பரைச் சோதிப்பதுதான் என் வேலை. ரப்பரை முறுக்கிய நிலையில் இறுக்கிவிட்டால் அது ரப்பராக வேலை செய்யாது, இன்னொரு ஸ்பிரிங்காக எதிர்த்து நிற்கும். அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன்.

“மாமா, இந்த போல்ட்டெல்லாம் வண்டி மேல தொங்கறப்பவே டைட் பண்ணீங்களா?”

“பின்ன? தூக்கி வெச்சுதானே டைட் பண்ண முடியும். முப்பது வருசமா அப்படித்தான்.”

“தொங்கற நிலையில ரப்பரைப் பிடிச்சு இறுக்கிட்டா, வண்டி கீழ வந்ததும் அது முறுக்கிக்குது. அதான் முழுசா இறங்கவும் மாட்டேங்குது, இடியையும் வாங்க மாட்டேங்குது. வண்டி கால்ல நிக்கிறப்போ லூஸ் பண்ணி, அதே நிலையில திருப்பி இறுக்கணும்.”

மாமா தேத்தண்ணீர் கோப்பையைக் கீழே வைத்தார். அன்றும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“முப்பது வருசத்துல ஒரு கஸ்டமரும் திரும்பி வந்து கேட்டதில்ல.”

“இடிக்கறதுதான் நல்ல இறக்கம்னு நீங்களே சொல்லி அனுப்பினா, யார் வந்து கேப்பா?”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் முகம் கறுத்தது.

“நாளைக்கு உங்கப்பாவுக்கு இடிச்சா, அக்கா என்னைத்தான் கேப்பா.”

“கார் என் பேர்ல இருக்கு. என்னைத்தான் கேப்பாங்க.”

ஸ்பேனரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “அப்போ நீயே பண்ணு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

முதல் போல்ட் அசையவில்லை. காலை மேடையின் விளிம்பில் ஊன்றி முழு எடையையும் போட்டேன். தளர்ந்தபோது ரப்பர் ‘டொக்’ என்று தன் இடத்துக்குத் திரும்பியது. வண்டி என் தலைக்கு மேல் மெல்லக் கீழே அமர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அரிசி அப்படியே இருக்கையில் இருந்தது. அந்த எடையோடுதானே வண்டி ஓடப்போகிறது. எல்லா மூட்டுகளையும் தளர்த்தி, வண்டியை அழுத்தி ஆட்டி அமரவிட்டு, திரும்ப இறுக்கத் தொடங்கியபோது எனக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்பேனர் வந்தது. மாமா. என்னால் இறுக்க முடியாத கடைசிச் சுற்றை அவர் இறுக்கினார். சக்கரங்களின் கோணத்தையும் நேராக்கினார்.

நாற்காலியைக் கொண்டுபோய்க் கதவோரம் வைத்தவரும் அவர்தான். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

சிமெண்டு வேகத்தடைக்குத் திரும்பப் போக நேரமில்லை. ஓட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் அன்றிரவு முழுவதும் என்னைத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டையில் வந்தார். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, நாற்காலியில் உட்காருவது போலவே உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு காலாகத் தானே உள்ளே திருப்பி வைத்தார். தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அம்மா எதிர்வீட்டைப் பார்த்தார். பிறகு பின்னிருக்கையில் ஏறினார்.

அப்பா மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தார். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. வலிக்கும்போது அவர் பேசமாட்டார், அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தாமான் வாசலில் வேகத்தடை. ஏறினோம், இறங்கினோம். வண்டி ஒரு முறை மூச்சு விட்டது போல அமர்ந்து எழுந்தது. அப்பா பேசவில்லை. கண்டெய்னர் லோரிகள் குழி பறித்த சாலையிலும் பேசவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறினோம். நான் சாலையைப் பார்த்ததைவிட அந்தக் கையைத்தான் அதிகம் பார்த்தேன்.

“முன்னால பாத்து ஓட்டு” என்றார் அப்பா.

அம்மா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார்.

“எதுக்கு இப்படிக் கடைசி நிமிசத்துல பிரேக் மிதிக்கிற? லோரியா இருந்தா சரக்கெல்லாம் முன்னால வந்துரும். லேன் மாறு. அவன் போவட்டும்.”

பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை. ஒருவழிச் சாலையில் திரும்பும்போதுதான் கவனித்தேன், அவர் கை மடியில் இருந்தது.

ஆலயத்தின் முன்னால் காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்துத் தானே எழுந்தார். “வலிக்கவே இல்லன்னு சொல்ல மாட்டேன்” என்றார். “ஒரு எடத்துல கொஞ்சம் தெரிஞ்சிச்சு. நீ பிரேக் போட்ட எடத்துல.”

பாடகர் குழுவுக்குப் பின்னால் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அது தாழ்வாக இருந்ததால் கடைசிவரை நின்றே பாடினார்.

மாமா இப்போதும் டயருக்கு மேல் இரண்டு விரல் வைத்துத்தான் பார்க்கிறார். ஆனால் போல்ட்டை இறுக்குவதற்கு முன் வண்டியை அலைன்மெண்ட் மேடைக்குக் கொண்டுபோகிறார் என்று அம்மா சொன்னார். என்னிடம் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் சாப்பிடும்போது அப்பா, ஜெஞ்சாரோமில் இருக்கும் தன் பழைய லோரிக் கூட்டாளியைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு தடவை என்று சொல்லவில்லை. அந்த வீட்டுக்குப் போகும் கடைசிப் பகுதி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண்பாதை. காய் ஏற்றும் லோரிகள் உழுது போட்டது. பிரிக்பீல்ட்ஸ் போல இருக்காது.

சனிக்கிழமை காலை அரிசிப் பைகளை முன்னிருக்கையில் அடுக்கிப் பெல்ட் போட்டு, தண்டில் புதிய கேபிள் டையை மாட்டிக்கொண்டு, அந்த வீட்டு வாசல்வரை நான் தனியாக ஓட்டிப் போய்விட்டு வந்தேன். திரும்பியதும் குனிந்து பார்த்தேன். கேபிள் டைக்கும் முட்டுக்கும் நடுவே இன்னும் ஒரு விரல் இடம் இருந்தது.