எல்லார் உருண்டையும் ஒரே அளவு

ஒரு இடத்தில் ஏதாவது காணாமல் போனால், அதை எடுத்தது நானாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்படுகிறவள் நான்தான். பஸ்ஸில் யாராவது பர்ஸைக் காணோம் என்றால் என் கை தானாக என் பைக்குள் போய்த் துழாவும், அது எப்படியோ இதற்குள் வந்து விழுந்திருந்தால் என்ன செய்வது என்று. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அப்பாவின் உடம்பு ஒரு காரணம். இது இன்னொரு காரணம். "யார் செஞ்சது?" என்று வாத்தியார் பொதுவாகக் கேட்டாலே எனக்கு வியர்க்கும். வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

இந்தச் சுபாவத்தோடு கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது கொரட்டூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டோர் வீட்டுக்கு. நடுவில் நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக அடிபம்பும் கூரை இல்லாத குளியலறையும். எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஸ்டோர் இருந்த தெரு பழைய தெரு. அங்கே இருந்தவர்கள் ஒரு காலத்தில் ஏரிப் பாசன நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நிலமெல்லாம் கம்பெனியான பிறகு அதே ஆட்கள் அதே திசையில் கம்பெனிக்கு நடந்தார்கள். ஆனால் தெருவுக்கு நாட்டாமை என்று ஒருவர் இருந்தது மட்டும் மாறவில்லை. அவர் ஒரு கம்பெனியில் லோடு தூக்குகிறவர். சாயங்காலம் காக்கி அரை டிராயரில் இரும்புத் தூளோடு வருவார். குளித்துவிட்டு ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மன் கோயில் எதிரில் கவிழ்த்துப் போட்ட உரலில் உட்கார்ந்தால், சற்று முன்பு வரை அவரோடு பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். கோழித் திருட்டு, சைக்கிள் டைனமோ திருட்டு, கொடியில் காய்ந்த புடவை காணாமல் போனது எல்லாம் அந்த உரலுக்குத்தான் வரும். ஸ்டேஷனுக்கு யாரும் போகமாட்டார்கள்.

முதல் வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ஃபேக்டரி வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை எங்கள் ஸ்டோரில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அந்த அக்கா கம்மலைக் கழற்றிச் சுவரில் சோப்பு வைக்கும் பொந்தில் வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை வைத்ததை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தலை துவட்டிச் சாம்பிராணிப் புகை போட்டுக்கொண்டு, காதைத் தொட்டுப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. ஓடி வந்து பார்த்தால் பொந்தில் சோப்பு மட்டும்தான் இருந்தது.

அவருக்கு அடுத்துக் குளிக்கப் போனவள் நான்.

நான் கம்மலைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலும் யார் யாரோ துணி துவைக்க உள்ளே போனார்கள். ஆனால் அக்கா நடையில் நின்று கேட்டது இதைத்தான்: "நான் யாரையும் ஒண்ணும் சொல்லலியே. எனக்குப் பொறவு குளிக்கப் போனது யாருன்னுதான் கேக்கேன்."

என் கையில் இருந்த சொம்பு ஆடித் தண்ணீர் தரையில் சொட்டியது. பக்கத்து வீட்டுக்காரி அந்தச் சொட்டுகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாடி, கம்மலக் காணோம்னா நீ ஏன் ஜுரம் வந்தாப்ல ஆடுறே?" என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர், "நீ பாத்தியா?" என்று ஒரே தடவை கேட்டார். எடுத்தியா என்று கேட்கவில்லை. பார்த்தியா என்றுதான் கேட்டார். அதற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். போனால் முதலில் சொல்லப்போவது என் பெயர்தான். வீட்டுச் சொந்தக்காரர் அன்றைக்கே எங்களைக் காலி பண்ணச் சொல்வார். வயிற்றில் மூன்று மாதம் எனக்கு. இந்தப் பெயரோடு பிறந்த வீட்டுக்குப் போய் எப்படி நிற்பது? தெருக்காரர்கள் அக்காவின் வீட்டுக்காரரைக் கெஞ்சி உரலண்டை அழைத்துப் போனார்கள். பெண்கள் கோயில் பக்கமாக ஒதுங்கி நின்றோம்.

"சூடம் ஏத்துங்க. அந்தப் பொண்ணு அணைச்சு சத்தியம் பண்ணட்டும், நான் போயிருதேன்" என்றார் அவர்.

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று அம்மன் முன்னால் சொல்ல வேண்டும். பொய் சொன்னவளுக்குக் கை நடுங்கும், சுடும் என்பார்கள். என் கை அப்போதே நடுங்கிக்கொண்டிருந்தது. அதை முந்தானைக்குள் மறைத்தேன். மறைத்ததையும் நாலு பேர் பார்த்தார்கள்.

நாட்டாமை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கற்பூரம் வோணாம் சார்" என்றார். "போன தபா இதே எடத்துல ஒருத்தி அணைச்சா. கை சுட்டுக்கிச்சி. அதச் சொல்லிச் சொல்லியே அவள ஊர உட்டுத் தொரத்திட்டாங்கோ. அப்பால பாத்தா பொருளு எலி வளைல கெடந்துது." துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். "செவ்வாக்கெழம வெளக்கு வெக்கிற நேரம், ஸ்டோர்ல ஊட்டுக்கு ஒரு பொம்பள, சாணி உருண்டை புடிச்சி எடுத்தாந்து போடணும். தேங்கா அளவு. கதவ சாத்திகினு புடிக்கணும், துணி போட்டு மூடிகினு வரணும். கம்மலு எவ கைல கீதோ அவ உள்ள வெச்சி உருட்டிடுவா. நாம தண்ணி ஊத்திக் கரைச்சிப் பொருள எடுத்துக்கலாம். ஆளு நமக்கு வோணாம்."

"சாணியக் கரைச்சா தங்கம் வருமாக்கும்?" என்றார் முதல் வீட்டு அக்கா.

"வந்திருக்குதும்மா. நீயும் ஒரு உருண்டை கொண்டாரணும்."

"எனக்கு எதுக்கு? காணாமப் போனதே என் கம்மல்தான்."

"நீயும் இந்த ஸ்டோர்லதான குடி கீறே?"

பக்கத்து வீட்டுக்காரி, "ஏன் நைனா, மாடு இல்லாத ஊடு இன்னா பண்ணும், கடன் வாங்கணுமா?" என்று கேட்டதற்குத்தான் அன்றைக்கு எல்லாரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெருக் கோடியில் எருமைக் கொட்டகையில் ஸ்டோர்ப் பெண்கள் எல்லாரும் கூடையோடு நின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் சாணியைக் கொண்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பயம் வந்தது. கொட்டகையில் கூடையைக் கீழே வைத்தேனே, அப்போது யாராவது கம்மலை என் சாணிக்குள் திணித்திருந்தால்? பிசைந்து பிசைந்து பார்த்தேன். உருட்டினேன், உடைத்தேன், மறுபடி உருட்டினேன். உருண்டை தேங்காய் அளவு வந்ததும் அடுத்த பயம். இவ்வளவு பெரியதாக இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நினைக்கமாட்டார்களா? எனக்கு ஒரு யோசனை வந்தது. உருண்டையைப் பாதியாக்கினேன். அதையும் பாதியாக்கினேன். கடைசியில் எலுமிச்சம்பழம் அளவில் ஒன்றை உருட்டி வைத்தேன். ஒரு கம்மலைக்கூட ஒளிக்க முடியாத உருண்டை. அதைப் பார்த்த பிறகுதான் நாலு நாளில் முதல் தடவையாக எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

கோயில் முன்னால், எஸ்டேட்டிலிருந்து வந்த இரும்பு டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் தண்ணீர்க் குடங்கள், மணல் சலிக்கும் சல்லடை. ஆண்கள் எல்லாம் திரும்பி நின்றார்கள். நாட்டாமை மட்டும் டிரம்மண்டை குந்தியிருந்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, ஆனால் விளக்கு ஏற்றவில்லை. முதல் வீட்டு அக்கா போட்டார். பொத் என்று சத்தம். அடுத்து நான். நான் துணியை நன்றாகவே விலக்கினேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

நாட்டாமை கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னாம்மா இது, எலுமிச்சங்கா மாரி கீது?"

"எங்கிட்ட ஒண்ணும் இல்லைங்க. அதான்..."

"உங்கிட்ட இல்லன்னு ஆரு கேட்டா?" குரல் உயரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டிருக்கும். "உன்னுது சின்னதா இருந்தா, உன் பின்னாடி நிக்கிறவளுது பெர்சா தெரியும். அவ கைல கம்மலு கீதுன்னு வெய்யி. இதப் பாத்துட்டு அவ போடுவாளா? ஊட்டுக்குப் போயி தேங்கா அளவுல புடிச்சிகினு வா. நாங்க நிக்கிறோம்."

அவமானமாக இருந்தது. திரும்பி நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பார்த்தால், வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் தங்கள் துணியை இழுத்து மூடிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கையில் இருந்ததும் எலுமிச்சம்பழம்தான் போல. அவளும் பயந்திருக்கிறாள். எனக்கு அதுவரை அப்படி ஒன்று தோன்றவே இல்லை. பயப்படுகிறவள் அந்த ஸ்டோரில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

தேங்காய் அளவு உருண்டையோடு திரும்பி வந்தேன். என்னுடையது விழுந்தபோது வந்த சத்தமும் மற்றவர்களுடையது விழுந்த சத்தமும் ஒன்றாகத்தான் இருந்தது. கடைசியாக நாட்டாமையின் சொந்தக்காரி ஒருத்தி போட்டாள். அவளும் ஸ்டோரில் குடியிருந்தவள்தான். அவளுடையதும் தேங்காய் அளவுதான்.

அப்புறம் பெட்ரோமாக்ஸ் வந்தது. நாட்டாமை முழங்கை வரை கையை விட்டுக் கரைத்தார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சல்லடையில் விட்டார். வைக்கோல் துணுக்குகள் வந்தன. ஒரு கருங்கல் வந்தது. இன்னும் ஒரு குடம் ஊற்றினார். சல்லடையில் ஏதோ கிலுங்கியது.

அது கம்மல் இல்லை. ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு.

கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பெண் குழந்தையின் கொலுசு. தொலைந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எங்கேயோ கழன்று விழுந்திருக்கும் என்று அவளே விட்டுவிட்டிருந்தாள். யாரையும் கேட்கவும் இல்லை, உரலுக்குக் கொண்டு வரவும் இல்லை. யாரோ அதை இத்தனை நாள் வைத்துக்கொண்டு, கொடுக்க வழி தெரியாமல் இருந்திருக்கிறார்கள். நாட்டாமை கொலுசைக் கழுவி ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துவிட்டு மறுபடியும் கையை விட்டார்.

அடுத்த குடத்தில் கம்மல் வந்தது. இரண்டும். ஒன்றுக்கு மட்டும் திருகாணி இல்லை.

"திருகாணி ஒண்ணு கொறையுதே" என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

"அது சாணியோட போவட்டும் சார்." நாட்டாமை எழுந்து கை கழுவினார். "கேட்டுக்கோங்க. இனிமே 'ஆரு'ன்னு எவ வாயத் தொறக்குறாளோ, அவ ஒரு வருசம் கோயில் வெளக்குக்கு எண்ணெ ஊத்தணும்."

எல்லாரும் கலைந்தார்கள். எனக்கு மட்டும் நிம்மதி அரை நாள்தான் இருந்தது. யார் எடுத்தது என்று தெரியாது என்றால், நான் எடுக்கவில்லை என்பதும் தெரியாதே. மறுநாள் காலையில் நாட்டாமை சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"நான் எடுக்கலைன்னு நீங்க ஒரு வார்த்தை எல்லாருக்கும் சொல்லிட்டீங்கன்னா..."

"எனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார், பம்பை நிறுத்தாமல். "தெரியக் கூடாதுன்னுதான இவ்ளோ பாடு." டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "போ, போயி வேலயப் பாரு. தண்ணி வர்ற நேரம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்தேன். யாரோ தட்டினார்கள். முதல் வீட்டு அக்கா. தலை முழுக்க எண்ணெய், தோளில் துண்டு. காதிலிருந்து கம்மலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றில் புதுத் திருகாணி.

"பிடி. தலைக்கு ஊத்திட்டு வாரேன்."

நான் வாசலில் நின்றேன். அவர் குளித்து வரும் வரை கையைத் திறக்கவில்லை. வாங்கிக்கொண்டு போன பிறகு பார்த்தால் உள்ளங்கையில் பள்ளம் பள்ளமாகக் கம்மலின் அச்சு. ஸ்டோரே பார்க்க என் கையில் தங்கத்தைக் கொடுத்தார் என்று அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அக்கா என்னைத் தாண்டிப் போனார். பக்கத்து வீட்டுக்காரியிடம் கம்மலைக் கொடுத்தார். "பிடி. தலைக்கு ஊத்திட்டு வாரேன்." எனக்கு முகம் வாடிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் எதிர் வரிசையில் கொலுசுக் குழந்தையின் அம்மாவிடம். பிறகு அதற்கு அடுத்த வீடு. நாலைந்து வாரம் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வீடு விடாமல் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

அப்படியென்றால் எடுத்தவள் கையிலும் ஒரு வெள்ளிக்கிழமை அது இருந்திருக்கிறது. அவளும் வாசலில் நின்று பிடித்துக்கொண்டிருந்து, திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நாட்டாமை சொல்லி அக்கா அப்படிச் செய்தாரா, தானாகச் செய்தாரா, எனக்குத் தெரியாது. சாணியில் தங்கம் வருமா என்று கேட்டவர் அவர். அந்த வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் நடையில் நின்று ஒவ்வொரு கையையும் பார்த்தேன். எந்தக் கை என்று கண்டுபிடிப்பதற்காக இல்லை. ஒவ்வொரு கையும் ஒரே மாதிரி மூடியிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சுற்று முடிந்து என் முறை மறுபடி வந்தபோது எனக்கு வயிறு பெரிதாகிவிட்டிருந்தது. வாசலில் உட்கார்ந்தே கையை நீட்டினேன். கம்மலை வைத்ததும் பழைய வழக்கப்படி விரல்களை இறுக்கினேன். குளியலறைத் தகரக் கதவு வரை போன அக்கா திரும்பிப் பார்த்தார்.

"கைய விரிச்சு வையேன் பிள்ளே. வேர்வையில கறுத்துரப் போவுது."

விரித்தேன். நடையில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க, கம்மல் இரண்டும் உள்ளங்கையில் கிடந்தன. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அக்கா அவசரமே படாமல் குளித்துக்கொண்டிருந்தார்.